மேடையில் வில் நடுங்கினால்

வயலின்காரருக்குப் பயம் முதலில் வலது கையில்தான் தெரியும். பாடுகிறவருக்குத் தொண்டை வறண்டால் ஒரு மிடறு வெந்நீர் குடித்துச் சமாளிக்கலாம். புல்லாங்குழல்காரர் உதட்டை ஈரப்படுத்திக்கொள்ளலாம். வில் நடுங்கினால் அந்த நடுக்கம் அப்படியே தந்தியில் இறங்கி மைக் வழியாக வெளியே போய்விடும். ஷட்ஜத்தை மெதுவாக நீட்ட வேண்டிய இடத்தில் வில் தந்திமேல் சின்னச் சின்னதாகத் துள்ளும். அந்தச் சத்தம் நம் காதில் விழுந்ததும் பயம் ஏறும், கை இன்னும் இறுகும், வில் இன்னும் துள்ளும்.

பல வருடங்களாகச் சென்னை சபாக்களில் பக்கவாத்தியம் வாசிக்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். அவர்களும் பெற்றோரும் அதிகம் கேட்கிற கேள்வி, மேடைப் பயம் எப்போது போகும் என்பது. எனக்கு இன்னும் போகவில்லை. போகட்டும் என்று காத்திருந்தால் மேடை ஏறியே இருக்க முடியாது. பயம் இருக்கும்போதே நல்ல இசை வரும். அதற்குச் சில பழக்கங்கள் வேண்டும்.

செல்லோ மேதை பாப்லோ காஸல்ஸ் வாழ்க்கையில் நடந்த ஒன்றை என் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். 1901-ல் சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகில் உள்ள தமால்பைஸ் மலைக்கு நண்பர்களோடு போனார். இறங்கும்போது ஒரு பாறை உருண்டு வந்து அவருடைய இடது கையை நசுக்கிவிட்டது. அந்த நொடியில் தன் மனதில் தோன்றியது, இனி செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். கை குணமானது, அதன்பின் எத்தனையோ ஆண்டுகள் வாசித்தார், பயமும் கூடவே வந்தது. அவ்வளவு பெரிய கலைஞருக்கே இப்படி என்றால், நமக்கு வில் நடுங்குவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

உடம்பு செய்வதைப் புரிந்துகொண்டால் பாதிக் கலவரம் அடங்கிவிடும். அட்ரினலின் சுரந்ததும் இதயம் வேகமாக அடிக்கிறது. தோலுக்கும் விரல்களுக்கும் போகிற ரத்தம் குறைந்து பெரிய தசைகளுக்குத் திரும்புகிறது, அதனால் விரல் சில்லிட்டுப் போகிறது. மூச்சு மேலோட்டமாகிறது. முழங்கையை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே சமயத்தில் இறுகி ஒன்றையொன்று இழுக்கின்றன. வில் துள்ளுவது அதனால்தான். இதில் மனத்தின் பலவீனம் எதுவும் இல்லை.

வீட்டில் நாம் சாதகம் செய்வது அமைதியான உடம்போடு. மேடையில் வாசிப்பது படபடக்கும் உடம்போடு. இரண்டும் வேறு வேறு உடம்புகள். அந்த இரண்டாவது உடம்புக்கும் சாதகம் வேண்டும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழிருந்து மொட்டை மாடிவரை வேகமாகப் படி ஏறுவேன். இறங்கி வந்து, மூச்சு வாங்கும்போதே வயலினை எடுத்து, தம்புராவைப் போட்டு, மந்திர ஸ்தாயி ஷட்ஜத்தை ஒரே வில்லில் நீட்டுவேன். கை நடுங்கும். நடுங்கட்டும். அந்த நடுக்கத்தோடு ஒலியைச் சீராக வைப்பது எப்படி என்று கை தானாகவே தேடத் தொடங்கும். பாட்டுக்காரர்கள் இதே மாதிரி படியேறி வந்து ஒரு விளம்பகாலக் கீர்த்தனையின் பல்லவியைப் பாடிப் பார்க்கலாம். மூச்சை எங்கே எடுக்க வேண்டும் என்று அப்போது தெரிந்துவிடும்.

அடுத்தது முதல் வில். நடுக்கம் நன்றாக வெளியே தெரிவது, வில்லின் நடுப்பகுதியிலோ நுனியிலோ மெல்லிய ஒலியில் மெதுவாக இழுக்கும்போதுதான். அதனால் மேடையில் முதல் சில நிமிஷங்களுக்கு அந்த இடத்துக்கே போவதில்லை. கைப்பிடிக்குப் பக்கத்தில், வில்லின் அடிப்பாகத்தில் தொடங்குவேன். கையின் எடையைத் தந்திமேல் இறக்கிவிட்டு, கொஞ்சம் வேகமாகவே இழுப்பேன். வலது கட்டைவிரல் விறைத்து நேராக நிற்கிறதா என்று பார்த்து மடக்கிக்கொள்வேன். அது நேரானால் மணிக்கட்டு, முழங்கை, தோள் எல்லாம் கூடவே பூட்டிக்கொள்ளும். வில் நகரத் தொடங்கும்போது மூச்சை வெளியே விடுவேன். சுருதி சேர்க்கிற நேரத்திலேயே இதையெல்லாம் செய்துவிடலாம். அவசர அவசரமாகச் சுருதி சேர்த்துவிட்டு நிமிர்ந்து உட்காருகிறவர்கள், மேடை தங்களுக்குத் தருகிற ஒரே ஓய்வை வீணாக்குகிறார்கள்.

நம் கச்சேரியின் அமைப்பே இதற்கு இடம் வைத்திருக்கிறது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்ததாக நாம் சொல்லும் கச்சேரிப் பத்ததியில் வர்ணம் முதலில் வருகிறது. சின்ன வயதிலிருந்து இரண்டு காலத்திலும் வாசித்து வாசித்து விரலில் ஊறிப்போன உருப்படி அது. பாடுகிறவர், வயலின், மிருதங்கம் மூன்று பேரும் ஒரே காலப்பிரமாணத்துக்குள் வந்து சேர அது வழி செய்கிறது. புதிதாக மேடை ஏறுகிற சிலர் வர்ணத்தை விட்டுவிட்டு, எதையாவது பெரிதாகப் பாடிக் காட்டித் தொடங்குகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. உடம்பு படபடக்கும் முதல் பத்து நிமிஷத்துக்கு, தூக்கத்தில் எழுப்பினாலும் வரக்கூடிய உருப்படிதான் வேண்டும். இன்னொன்று, பயத்தில் நமக்குச் சரியான காலம் மந்தமாகத் தோன்றும், தெரியாமலே ஓட்டிவிடுவோம். பாடத் தொடங்குமுன் அந்த உருப்படியின் வேகமான இடத்தை மனசுக்குள் ஒருமுறை பாடிப் பார்த்துக் காலத்தை வைத்துக்கொண்டால் பிறகு மூச்சு முட்டாது.

இதுவரை சொன்னதெல்லாம் கைக்கு. காதைப் பற்றிச் சொல்வதுதான் முக்கியம். எனக்கு மேடை பிடிபட்டது அதனால்தான்.

பக்கவாத்தியக்காரருக்கென்று தனியாக ஒரு பயம் உண்டு. பாடுகிறவர் என்ன எடுக்கப்போகிறார் என்பது முழுசாகத் தெரியாது. மேடைக்குப் போகுமுன் பட்டியலைச் சொல்கிறவர்கள் உண்டு, பிரதான ராகத்தை மட்டும் சொல்கிறவர்கள் உண்டு, எதையும் சொல்லாதவர்களும் உண்டு. ஒரு டிசம்பர் மாத மதியக் கச்சேரியில், என்னைவிட மிக மூத்த ஒரு பாடகிக்கு வாசிக்க உட்கார்ந்தேன். ஏசி நேராக என் விரல்மேல் அடித்துக்கொண்டிருந்தது. வலது காலை நீட்டி, கணுக்காலுக்குப் பக்கத்தில் வயலினின் தலையைச் சாய்த்துத்தானே நாம் உட்காருகிறோம். கால் நடுங்கியதில் வயலினே அசைந்தது. அவர் தோடியை எடுத்தார்.

என் குரு எப்போதும் சொல்லும் ஒரு வார்த்தை அப்போது ஞாபகம் வந்தது. வகுப்பில் நான் விரலையே பார்த்துக்கொண்டு வாசித்தால் நிறுத்திவிடுவார். “உன்னை யாரும்மா கேட்கச் சொன்னா? அவங்க பாட்டைக் கேளு” என்பார். அன்று எனக்கு நானே ஒரே ஒரு வேலை கொடுத்துக்கொண்டேன். பாடகியின் காந்தாரத்தை மட்டும் கேட்பது. எங்கிருந்து தொடங்குகிறார், எவ்வளவு அகலத்துக்கு அசைக்கிறார், அசைவை எங்கே நிறுத்தி ரிஷபத்துக்கு இறங்குகிறார். தோடியின் உயிர் அந்தக் காந்தாரத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பாணியிலும் அது ஒவ்வொரு மாதிரி அசையும். ஒவ்வொரு பிடிக்கும் அவர் அதைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிக்கொண்டே போனார். அவர் நிறுத்திய ஸ்வரத்தில் கார்வை பிடித்து நிற்பேன், அவர் நகர்ந்தால் நகர்வேன். கால் நடுக்கம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. தார ஸ்தாயிக்கு அவர் போகும்போது விரல்கள் சூடாக இருந்தன.

அதற்குப் பிறகு எந்தக் கச்சேரியிலும் இதைத்தான் செய்கிறேன். பயப்படாதே என்று மனசுக்குச் சொல்லிப் பயனில்லை. அதற்கு ஒரு வேலை வேண்டும். காது நம் சத்தத்தையே வேவு பார்த்துக்கொண்டிருந்தால், பல வருடச் சாதகத்தில் தானாக ஓட வேண்டிய விரல் தடுமாறும். காதை வெளியே அனுப்பினால் விரலுக்கு அதன் வழி தெரியும். நீங்கள் பாடுகிறவராகவோ தனியாக வாசிக்கிறவராகவோ இருந்தால், தம்புராவின் பஞ்சமத் தந்தியைத் தேடிப் பிடியுங்கள். மின்தம்புராவிலும் அது உண்டு. இரண்டு உருப்படிகளுக்கு நடுவில், சபையின் இருமலும் நாற்காலிச் சத்தமும் கேட்கிற அந்த இடைவெளியில், அதை ஒரு முழுச் சுற்றுக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

காது வெளியே போக வேண்டுமென்றால் வெளியே ஏதாவது கேட்க வேண்டும். பயம் என்று நாம் நினைப்பதில் பாதி, மேடையில் ஒன்றும் கேட்காததால் வருகிற திகில். சபையில் எல்லாம் தெளிவாக ஒலிக்கும். மேடையில் உட்கார்ந்திருப்பவருக்கு மிருதங்கம் மட்டுமே கேட்கும். எனவே முன்னதாகப் போய்விடுங்கள். மைக்காரரிடம் பெயரைக் கேட்டு, மரியாதையாக, மானிட்டரில் பாடகர் குரலும் தம்புராவும் வேண்டும் என்று சொல்லுங்கள். கச்சேரி தொடங்கியபின் கை காட்டிக் கெஞ்சுவதைவிட இது எவ்வளவோ மேல். இளையவர்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். தயவுசெய்து கேளுங்கள், அது உங்கள் உரிமை.

தெரியாத உருப்படி வந்தால் என்ன செய்வது? குறைவாக வாசியுங்கள். முதல் சங்கதியில் நீண்ட ஸ்வரங்களை மட்டும் பிடித்து, திரும்பப் பாடும்போது இடைவெளிகளை நிரப்பினால் போதும். ஊகித்து முந்திப் போவதுதான் ஆபத்து. கல்பனாஸ்வரத்தில் பாடகர் நீளமாகப் பாடிவிட்டு உங்கள் பக்கம் திரும்பினால், எல்லாவற்றையும் திருப்பிச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் முடித்த கோர்வையின் அமைப்பைப் பிடித்து எடுப்பில் சரியாக வந்து இறங்குங்கள். மிருதங்கக்காரர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், அது போதும்.

மறதி பயத்தின் பெரிய பிள்ளை. அதற்கு நான் செய்வது, உருப்படியை எப்போதும் பல்லவியிலிருந்தே தொடங்கிச் சாதகம் செய்யாமல், அனுபல்லவியிலிருந்து, சரணத்தின் இரண்டாவது அடியிலிருந்து, சிட்டைஸ்வரத்தின் நடுவிலிருந்து என்று எங்கிருந்தும் எடுத்துப் பழகுவது. நடுவில் அறுந்தாலும் அடுத்த வாசல் பக்கத்திலேயே இருக்கும்.

காபியைக் கச்சேரி முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். சபா கேண்டீன் காபி வாசனை கிரீன் ரூம்வரை வரும், தெரியும். ஆனால் காபி கை நடுக்கத்தைக் கூட்டும். சாப்பாடு இரண்டு மணி நேரத்துக்கு முன், கொஞ்சமாக.

மாத்திரை பற்றிக் கேட்கிறார்கள். பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் படபடப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும் என்பது உண்மை. தந்தி வாத்தியக்காரர்களிடம் அவற்றைச் சோதித்த ஆய்வு ஒன்று 1977-லேயே ‘லான்செட்’ இதழில் வந்தது. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அவை பெரிய ஆபத்தாக முடியலாம். இதயத் துடிப்போ ரத்த அழுத்தமோ ஏற்கெனவே குறைவாக இருப்பவர்களுக்கும் ஆகாது. நண்பர் கொடுத்தார் என்று வாங்கிப் போட்டுக்கொள்ளவே கூடாது. டாக்டரிடம் போய்க் கேளுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பயத்தால் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, மேடைகளையே மறுக்கிற நிலைக்கு வந்தவர்கள் மனநல ஆலோசகரைப் பார்ப்பதும் அப்படித்தான்.

ஹார்வர்டில் அலிசன் வுட் ப்ரூக்ஸ் செய்து 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை என் மாணவி ஒருத்தி எனக்குச் சொன்னாள். கரோக்கே பாடுமுன் ‘எனக்குப் பதற்றமாக இருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொன்னவர்களைவிட ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொன்னவர்கள் பிசகு குறைவாகப் பாடினார்கள். அந்தப் பெண் இப்போது மேடைக்குப் போகுமுன் “ஜாலியா இருக்கு மிஸ்” என்று கண்களை அகல விரித்துக்கொண்டு சொல்லிவிட்டுத்தான் போகிறாள். அவளுக்கு அது உதவுகிறது.

குழந்தைகளுக்கு முதல் மேடை தனி மேடையாக இருக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தியாகராஜ ஆராதனைக் காலத்தில் கோவில்களிலும் சபாக்களிலும் பஞ்சரத்தினக் கோஷ்டி நடக்கும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகத்தையும் பெரியவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து வாசிக்கட்டும். ஒரு சங்கதி விட்டுப்போனாலும் கூட்டம் தூக்கிக்கொண்டு போய்விடும். குழந்தை அடுத்த அடியில் ஏறிக்கொள்ளும். மேடையின் வெளிச்சமும் மைக்கும் கூட்டமும் அப்படித்தான் பழக வேண்டும்.

கச்சேரி ரெக்கார்டிங்கை அன்று ராத்திரியே கேட்காதீர்கள். சில நாள் கழித்துக் கேட்டால், ஊரே கவனித்ததாக நீங்கள் நினைத்த வில் நடுக்கம் அதில் அநேகமாகக் காதில் விழவே விழாது. பெற்றோருக்கும் இதே வேண்டுகோள். மேடையிலிருந்து இறங்கிய குழந்தையிடம் ஆட்டோவில் வைத்து எந்த இடத்தில் தப்பு என்று சொல்ல வேண்டாம். அந்த நேரத்தில் அட்ரினலின் இன்னும் இறங்கியிருக்காது. சொல்வது எதுவும் பாடமாகப் போய்ச் சேராது, மேடையோடு ஒட்டிக்கொண்ட பயமாகத்தான் தங்கும். பசிக்கிறதா என்று கேளுங்கள். விட்டுப்போன சங்கதியை அடுத்த வகுப்பில் நான் பார்த்துக்கொள்கிறேன்.