ஆற்றில் வாழும் ஓநாய்கள்

சிங்கப்பூரில் காட்டு ஓநாய் இல்லை. ஆனால் ஓநாயைப் போலவே குடும்பமாக வேட்டையாடி, எல்லை வகுத்து வாழும் விலங்கு ஒன்று கிளமெண்டி வழியாக ஓடும் உலு பாண்டான் ஆற்றில் உண்டு. அதுதான் நீர்நாய். தென்னமெரிக்காவின் ராட்சத நீர்நாயை ஸ்பானிய மொழியில் ‘ஆற்று ஓநாய்’ என்றே அழைக்கிறார்கள். நம் ஆற்றில் இருப்பது காவிரியிலும் வாழும் இனம். வழவழப்பான ரோமம் கொண்டது.

1970களில் இங்குள்ள ஆறுகள் மாசடைந்து கிடந்தன. சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றையும் தூய்மைப்படுத்தும் பணி 1977ல் தொடங்கி 1987ல் முடிந்தது. 1998ல் சுங்கை புலோவில் நீர்நாய்கள் மீண்டும் தென்பட்டன. வரிசையைக் கவனியுங்கள் மாணவர்களே: முதலில் நீர், பிறகு மீன், கடைசியாகத்தான் வேட்டை விலங்கு.

ஏன் கடைசியில்? உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு ஆற்றல்தான் போய்ச் சேரும். வளர்ந்த நீர்நாய் ஒன்று நாளுக்குச் சுமார் ஒரு கிலோ மீன் தின்னும். தோராயமாகக் கணக்கிட்டால், அந்த ஒரு கிலோ மீன் உருவாக 10 கிலோ சிற்றுயிர்களும், அவற்றுக்கு 100 கிலோ பாசியும் தேவை. அதனால் ஆற்றின் ஒரு பகுதி பல குடும்பங்களைத் தாங்காது. எச்சமிட்டு எல்லை குறிப்பதும், பீஷான், மரினா குடும்பங்கள் மோதிக்கொண்டதும் இதனால்தான்.

சிக்கல் வீட்டுக் குளத்தில் தொடங்குகிறது. அங்குள்ள கோய் மீன்களுக்குத் தப்பிக்க வழியில்லை. பட்டிக்குள் நுழைந்த ஓநாய் தேவைக்கு மேல் ஆடுகளைக் கொல்வதைப் போல, நீர்நாயும் தின்பதைவிட அதிகமாகக் கொல்லக்கூடும். பல்லாயிரம் வெள்ளி இழந்தவர்களின் கோபம் நியாயமானதே. ஆனால் “பிடித்து வேறிடத்தில் விடுங்கள்” என்பது தீர்வாகாது என்பது என் கருத்து. காலியான எல்லையைப் பக்கத்துக் குடும்பம் பிடித்துக்கொள்ளும். குளம் அப்படியே இருக்கும். இடைவெளியில்லாத வேலிதான் உதவும்.

2021 நவம்பரில், விடியும் முன் தாவரவியல் பூங்காவில் நடந்து சென்றவரை ஒரு நீர்நாய்க் கூட்டம் கடித்தது. குட்டிகளுடன் இருந்தால் விலகியே நில்லுங்கள், ஒளிவிளக்கு அடிக்காதீர்கள். உணவும் கொடுக்காதீர்கள்: மனிதரிடம் அச்சம் போய்விடும். 2020 முதல் வனவிலங்குகளுக்கு உணவளிப்பது தீவு முழுவதும் குற்றம். முதல்முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி வரை அபராதம்.

கரையில் மீன்வாடை வீசும் எச்சத்தைக் கண்டால், தொடாமல் உற்றுப் பாருங்கள். செதில்கள் தெரியும். அவற்றை ஆராய்ந்துதான், வெளிநாட்டிலிருந்து வந்து பெருகிய திலாப்பியா போன்ற சிக்லிட் மீன்களை இவை அதிகம் தின்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.