பயறு வேரும் பருத்திக் காடும்

பருத்திக் காட்டில் உளுந்தையோ தட்டைப்பயற்றையோ ஊடுபயிராக விதைத்துவிட்டால், அதன் வேர் அருகிலுள்ள பருத்திக்கு உடனே தழைச்சத்தை ஊட்டும் என்று அங்கத்தினர் பலர் எண்ணியிருக்கிறார்கள். அது முழு உண்மையன்று.

பயறு வேரின் முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கேற்ற சத்தாக மாற்றுகின்றன. 1888-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து பெய்ஜரிங்க் என்பவர் அவற்றைத் தனியே பிரித்தெடுத்தார். ரைசோபியம் என்பது அவற்றின் பெயர். ஆனால் அச்சத்தில் பெரும்பகுதி தழைக்கும், முடிவில் மணிகளுக்குமே போய்ச் சேருகிறது. உயிருள்ள வேரிலிருந்து மண்ணில் கசிவது சிறிதளவே. மூப்படைந்த முடிச்சுகளும் நுண்வேர்களும் உதிர்ந்து அழுகும்போது, மண்ணிலுள்ள வேறு நுண்ணுயிர்கள் அச்சத்தை முதலில் அம்மோனியமாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இதற்கு ஈரம் வேண்டும். ஆகையால் மிகுதியான பலன் அடுத்த வெள்ளாமைக்கே.

கொள்ளுச் செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோவது நம் பக்கத்து வழக்கம். வேரும், அதில் ஒட்டியுள்ள முடிச்சுகளும் காட்டைவிட்டே போய்விடுகின்றன! தரைமட்டத்தில் அறுத்து வேரை மண்ணிலேயே விடுதல் நன்று. கூலி சற்றுக் கூடும், மறுப்பதற்கில்லை. சணப்பையானால் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிட வேண்டும்.

பூக்கும் பருவத்தில் ஒரு பயற்றஞ்செடியை மண்வெட்டியால் பெயர்த்து, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உட்புறம் இளஞ்சிவப்பாயின் வேலை நடக்கிறது. பச்சையோ சாம்பல் நிறமோ ஆயின் இல்லை. முடிச்சே காணவில்லையெனில், ஆர்.எஸ்.புரத்தை அடுத்துள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பயற்றுக்குரிய ரைசோபியப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கி, அடுத்த விதைப்பில் ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைக்கவும்.