அந்நியனுக்கு ஒரு கல்லறைப் பூமி

வேதபாடம்: ஆதியாகமம் 23-ம் அதிகாரம், மத்தேயு 27:3-10, 57-60



இங்கிலாந்தில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு நாள் ஆக்ஸ்போர்டு பட்டணத்தைச் சுற்றிக்காட்டக் கூட்டிப்போனாள். கல்லூரிகளையெல்லாம் காட்டிவிட்டு, "அப்பா, உங்களுக்குன்னே ஒரு இடம் இருக்கு, வாங்க" என்று வால்டன் தெருவில் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் கொண்டுபோனாள். ஊர் பார்க்கப் போன இடத்தில் கல்லறையா என்று எனக்கு முதலில் மனசு ஒப்பவில்லை.

புனித செபுல்கர் கல்லறைத் தோட்டம் என்று அதற்குப் பேர். செபுல்கர் என்றாலே கல்லறைதான். ஆண்டவரை வைத்த கல்லறையை நினைத்து வைத்த பேர். பட்டணத்துக் கோவில்களை ஒட்டியிருந்த பழைய இடங்கள் நிரம்பிப்போனதால் 1848-ல் இதைத் திறந்தார்கள். பழைய மரங்கள், சாய்ந்த சிலுவைகள், எழுத்து தேய்ந்த கற்கள். அங்கேதான் நம்ம சாயர்புரம் போப் ஐயர் அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார்.

ஜி.யு. போப் 1820-ல் பிரின்ஸ் எட்வர்டு தீவில் பிறந்தவர். அந்தத் தீவு இன்றைக்குக் கனடாவில் இருக்கிறது. 1839-ல் கப்பலேறி சென்னைக்கு வந்து, 1840-களில் சாயர்புரத்தில் ஊழியம் செய்தார், பள்ளி நடத்தினார். திருக்குறளை 1886-லும் திருவாசகத்தை 1900-லும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். (மிஷனெரிக்குத் திருவாசகம் எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். அது வேற பாடம்.) 1908 பிப்ரவரி 11-ல் மரித்தார்.

அவர் கல்லறையில் தன்னைத் தமிழ் மாணவன் என்று எழுதச்சொன்னார், அப்படியே எழுதியிருக்கிறது என்று சின்ன வயசிலிருந்து மேடைதோறும் கேட்டிருக்கிறோம். நான் குனிந்து எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். அது இல்லை. அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலிருக்கிற தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்றுதான் இருக்கிறது. எனக்கு அதுவே பெரிதாகப் பட்டது. கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள், அந்தப் பக்கத்துக் கல்லறைக்குக் கல் வைத்திருக்கிறார்கள்!

அங்கே நிற்கும்போது நம்ம சபைத் தாயார் ஒருவருடைய நினைவு வந்து நெஞ்சை அடைத்தது. நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துவிட்டார்கள் என்பதற்காக, சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புருஷனுக்குப் பக்கத்தில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிரேதம் ஐஸ் பெட்டியில் காத்திருந்தது. மறுநாள் பொழுது சாயும் நேரத்தில்தான் வேறொரு இடத்தில் அடக்கம் பண்ணினோம். பிள்ளைகள் அழுத அழுகை சாவுக்காக மட்டும் இல்லை.

"பரலோகம் போகிறவனுக்கு மண்ணு எங்க இருந்தா என்ன?" என்று நம்மில் சிலர் சொல்லுகிறோம். நானும் சொன்னவன்தான். ஆனால் ஆபிரகாமைப் பாருங்கள். தேசம் முழுவதையும் வாக்குத்தத்தமாகப் பெற்றவர், அதில் முதன்முதலாகக் கிரயத்துக்கு வாங்கினது கல்லறை நிலம். 127 வயதில் சாராள் மரித்தபோது, தன்னை அந்நியனும் பரதேசியும் என்று சொல்லிக்கொண்டு ஏத்தின் புத்திரர் முன்பாக நிற்கிறார். எங்கள் கல்லறைகளில் நல்லதை எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள். எப்பெரோனும் நிலத்தை இலவசமாகத் தருகிறேன் என்கிறான். ஆபிரகாம் ஒத்துக்கொள்ளவில்லை. தயவில் கிடைத்த இடத்தில், தயவு போனால் நாளைக்கு என்ன ஆகும்? 400 சேக்கல் வெள்ளியை எல்லாரும் பார்க்க நிறுத்துக் கொடுக்கிறார். நிலம், குகை, எல்லைக்குள் இருந்த மரங்கள் என்று 17-ம் வசனத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறதைக் கவனியுங்கள், நம்ம ஊர் கிரயப் பத்திரம் மாதிரியே இருக்கும்! பிறகு ஈசாக்கும் ரெபெக்காளும் லேயாளும் யாக்கோபும் அங்கேதான் வைக்கப்பட்டார்கள்.

மத்தேயு 27-ல் இன்னொரு நிலம் இருக்கிறது. அந்நியரை அடக்கம் பண்ண 30 வெள்ளிக்காசுக்கு வாங்கின குயவன் நிலம். அதே அதிகாரத்தில், நம்முடைய ஆண்டவருக்கே அரிமத்தியா ஊரான் யோசேப்பு தனக்கென்று வெட்டிவைத்த கல்லறையைத்தான் கொடுத்தான்.

இந்த வாரம் வீட்டு ஜெபத்தில் ஆதியாகமம் 23-ஐக் குடும்பமாக வாசியுங்கள். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாரும் வீட்டுக்கு ஓட வேண்டாம். ஊருக்கு வெளியே பார்த்திருக்கிற இடத்தின் பத்திர நகலையும் பட்டாவையும் மூப்பர்கள் கொண்டுவருகிறார்கள். அடக்கம் பண்ண அரசாங்க அனுமதி வாங்குகிற விவரத்தையும் அப்போது பேசுவோம்.