குழாய்க்குள் ரேடார்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கச்சா எண்ணெயைத் தேக்கிவைக்கும் பெருந்தொட்டிகளில், கூரையே எண்ணெயின்மீது மிதந்து அதன் மேற்பரப்பை மறைத்துவிடுவதால், அக்கூரையை ஊடுருவி அடிவரை இறங்கும் இரும்புக் குழாய் ஒன்றை நிறுத்தி, அதன் உச்சியில் ரேடார் கருவியைப் பொருத்தி, நுண்ணலை கீழே சென்று மீளும் காலத்தைக்கொண்டு எண்ணெயின் மட்டத்தைக் கணிக்கிறார்கள். இந்த ஏற்பாட்டைப் பற்றி நிலவும் சில அபிப்பிராயங்கள் திருத்தத்துக்குரியவை.

நம்பிக்கை: நுண்ணலை குழாய்க்குள்ளும் ஒளியின் வேகத்திலேயே பிரயாணம் செய்கிறது.

உண்மை: திறந்த வெளியில் அப்படித்தான், குழாயிலோ அன்று. உள்ளீடற்ற குழாயின் வழியே அலைகள் செல்லக்கூடும் என்று ராலே பிரபு 1897-இல் கணித ரீதியாக நிரூபித்தபோதே, குழாயின் விட்டத்துக்கேற்ப ஓர் எல்லை அதிர்வெண் உண்டு என்பதும், அதற்குக் கீழ்ப்பட்ட அலை உட்செல்லாது என்பதும் தெளிவாயின. எல்லைக்கு மேற்பட்ட அலை செல்லும். ஆனால் அவ்வெல்லையை நெருங்க நெருங்க அதன் துடிப்பு தாமதப்படும். 100 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் மிக எளிய அலைவகைக்கு எல்லை சுமார் 1.76 கிகாஹெர்ட்ஸ், அங்கே 10 கிகாஹெர்ட்ஸ் துடிப்பு ஏறக்குறைய 1.5 சதவிகிதம் மெதுவாகவே செல்வதால், திருத்தம் செய்யாத கருவி 20 மீட்டர் ஆழத்தில் மட்டத்தை 30 செ.மீ.க்கு மேல் தாழ்த்திக் காட்டும். அலையின் முகடுகள் ஒளியினும் விரைந்து நகர்வதாகப் பாடநூல் கூறுவது மெய்யே. எனினும் சென்று மீள்வது துடிப்பு, கருவி அளப்பதும் அதன் காலத்தையே.

நம்பிக்கை: "நாலு அங்குலக் குழாய்" என்று குறித்துக்கொண்டால் போதும்.

உண்மை: எல்லாத் தவறுகளிலும் மிகுந்த சேதம் விளைவிப்பது இதுவே என்பது என் துணிபு. நாலு அங்குலம் என்ற ஒரே பெயரில் விற்கப்படும் குழாய்களில், சுவரின் கனத்தைப் பொறுத்து, ஒன்றின் உள்விட்டம் 102 மி.மீ. ஆகவும் மற்றொன்றினது 97 மி.மீ. ஆகவும் இருக்கும். ஒன்றுக்கு மற்றொன்றை எண்ணிக் கருவியில் பதித்துவிட்டால், அதே 20 மீட்டரில் 30 மி.மீ.க்கு மேல் பிழை நேரும். 60 மீட்டர் குறுக்களவுள்ள தொட்டியில் அது 80 ஆயிரம் லிட்டருக்கும் அதிகமான எண்ணெய். சுவரருகே மின்புலம் ஏறத்தாழ இல்லாமற்போகும் வேறோர் அலைவகையைக் கையாளும் கருவிகள் துருவையும் மெழுகுப் படிவையும் பெருமளவு பொறுத்துக்கொள்ளும். ஆயினும் அவற்றுக்கும் உள்விட்டம் தெரிந்தாகவேண்டும்.

நம்பிக்கை: துளையில்லாக் குழாயே சிறந்தது.

உண்மை: துளைகள் இல்லையேல் குழாய்க்குள்ளிருக்கும் மட்டம் தொட்டியின் மட்டமாகவே இராது. துளைகள் சிறியனவாகவும், விளிம்பில் பிசிறின்றியும் இருத்தல் வேண்டும்.

ஆகையால், குழாயை நிறுத்துமுன் பல இடங்களில் உள்விட்டத்தை அளந்து பதிவு செய்யுங்கள். பின்பு, விட்டத்தால் வரும் பிழை ஆழத்தோடு வளர்வதாதலின், தொட்டி நிறைந்திருக்கும்போது ஒரு முறையும் வற்றியிருக்கும்போது ஒரு முறையும் கைநாடாவை இறக்கிக் கருவியின் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.