கூத்துப் பார்க்கப் போறீங்களா?

மேல்நாட்டில் ஓபரா என்று ஒரு கலை உண்டு. கதையைப் பாட்டாகவே பாடி நடிப்பார்கள். சுமார் 1600-ல் இத்தாலியில் தோன்றியது. அதைப் பார்க்க நாம் எங்கே போவது என்று நினைக்காதீர்கள். கம்மாபுரம் பக்கத்தில் திரௌபதியம்மன் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தும் பாடி நடிப்பதுதானே!

போன வருஷம் முதல் தடவை போனேன். பாட்டு ஒண்ணும் புரியல. பாயிலேயே தூங்கிட்டேன். காலையில் தாத்தா, "துகில் உரிஞ்சதக்கூட பாக்கலியாடா?" என்றார். வெட்கமாகிவிட்டது. இந்த வருஷம் அவரிடமே பாடம் கேட்டேன்.

மதியமே தூங்கிவிட வேண்டும். கதையைத் தெரிந்துகொண்டு போகணும். வேஷம் வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். அதன் பின்னால் நின்றே அவர் தான் யார் என்று பாடுவார். பாட்டு புரியாவிட்டால் பயப்படாதீங்க, அதே சேதி அடுத்து வசனமாக வரும். நாம் கேட்க நினைப்பதைக் கட்டியங்காரன் குறுக்கே புகுந்து கேட்டுவிடுவான்! ஆர்மோனியம், மத்தளம், பின்பாட்டுக்காரர்கள் பக்கமாக உட்காருங்கள். ஸ்பீக்கர் பெட்டிப் பக்கம் போகவே கூடாது (இது தாத்தா கட்டளை).

எழுத்தாளர் ந.முத்துசாமியும் கூத்தைப் பார்த்து மயங்கியவர்தான். புரிசைக் கூத்துக் கலைஞர்களிடம் ஈடுபாடு கொண்டு, 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார்.

இந்த வருஷம் துச்சாதனன் சேலையைத் தொடும் முன் கற்பூரம் ஏற்றினார்கள். சனம் எழுந்து கும்பிட்டது. தாத்தா துண்டால் கண்ணைத் துடைத்தார். நான் தூங்கல.