சாவியை ஒப்படைக்கும் முன்: வாடகை வீடும் சொத்து மேலாளரும்

பணியிட மாறுதல், பிள்ளைகளின் படிப்பு, வெளிநாட்டு வேலை எனப் பல காரணங்களால், தாம் வாங்கிய வீட்டில் தாமே குடியிருக்க இயலாதவர்கள் நம் நாட்டில் ஏராளம். அவர்களுள் சிலர் வீட்டை வாடகைக்கு விடவே தயங்கிப் பூட்டி வைக்கின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. இத்தயக்கத்தைப் போக்கக்கூடிய ஒருவரே சொத்து மேலாளர். ஆயினும், அவரிடம் எதை ஒப்படைக்க வேண்டும், எதை நம் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அறிந்த பின்னரே சாவியைக் கொடுக்க வேண்டும்.

ஒரு கசிவின் கதை

எடுத்துக்காட்டாக, புனேயில் வீட்டுக்கடன் பெற்று அடுக்ககத்தில் ஒரு வீடு வாங்கியவர், கொல்கத்தாவுக்கு மாற்றலாகிச் செல்கிறார் என்று கொள்வோம். தரகர் மூலம் ஒரு குடும்பம் மாதம் ரூ.25,000 வாடகைக்குக் குடியேறுகிறது. மழைக்காலத்தில் குளியலறைச் சுவருக்குள் குழாய் கசிகிறது. குடியிருப்பவர் தரகரிடம் சொல்கிறார். தரகுத் தொகை பெற்றதோடு தம் பணி முடிந்தது என்கிறார் அவர். உரிமையாளர் தொலைபேசியில், "அடுத்த முறை வரும்போது பார்க்கிறேன்" என்கிறார். மூன்று மாதங்களில் சுவர் ஊறிப் பூசணம் படர்கிறது. கீழ்வீட்டின் கூரையிலும் ஈரம் இறங்குகிறது. குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை என்று அக்குடும்பம் பள்ளி ஆண்டின் நடுவே வீட்டைக் காலி செய்கிறது.

பழுது பார்த்து மறுபடி வாடகைக்கு விட இரண்டு மாதங்கள் ஆகின்றன. உரிமையாளருக்கு ரூ.50,000 வாடகை இழப்பு. கடன் தவணையோ ஒரு மாதமும் நிற்கவில்லை. இங்கே எவரும் தீயவர் அல்லர். உடனே சென்று பார்க்கும் பொறுப்பு எவரிடமும் இல்லை. குறை அது ஒன்றே.

சட்டம் வகுத்த பணிகள்

வீட்டையும் ஆளையும் சேர்த்து வைப்பது தரகரின் பணி. அதன் பின்னர் வரும் ஒவ்வொரு மாதமும் மேலாளரின் பணி. மத்திய அமைச்சரவை 2021ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், சொத்து மேலாளருக்குத் தனி இடம் அளிக்கிறது. அதன்படி அவருடைய கடமைகள் இவை:

1. பற்றுச்சீட்டு அளித்து வாடகை பெறுதல்.
2. உரிமையாளர் சார்பில் இன்றியமையாத பழுதுகளைச் செய்தல்.
3. அவ்வப்போது வீட்டைப் பார்வையிடுதல்.
4. பராமரிப்பு, வாடகைத் தாமதம், வாடகை மாற்றம், புதுப்பித்தல், காலி செய்தல் ஆகியவை குறித்து அறிவிப்பு வழங்குதல்.
5. பிணக்குகளைத் தீர்க்க உதவுதல்.

இவை தவிர்த்த எந்தச் செயலையும் உரிமையாளரின் அறிவுறுத்தலின்றி அவர் செய்யலாகாது. வரம்பு மீறினால் உரிமையாளரோ வாடகைதாரரோ வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். நீதிமன்றம் அவரை நீக்கவோ இழப்பை ஈடு செய்யுமாறு பணிக்கவோ முடியும்.

இது மாதிரிச் சட்டம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மாநிலங்கள் இயற்றினால்தான் நடைமுறைக்கு வரும். உத்தரப் பிரதேசமும் அசாமும் 2021இல் தமக்கான சட்டங்களை இயற்றின. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. மகாராஷ்டிரத்தில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 11 மாத ஒப்பந்தமாயினும் அதனைப் பதிவு செய்வது உரிமையாளரின் பொறுப்பு. உள்ளூர் விதியை அறிந்திருப்பதே நல்ல மேலாளரின் முதல் தகுதி.

எந்தப் பழுது யாருடையது?

பெரும்பாலான பிணக்குகள் இவ்வினாவில்தான் தொடங்குகின்றன. மாதிரிச் சட்டம் இதற்கு ஓர் அட்டவணையே தருகிறது. கட்டுமானப் பழுது, வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தண்ணீர்க் குழாய்களை மாற்றுதல், மின்கம்பி அமைப்பு ஆகியவை உரிமையாளரைச் சேர்ந்தவை. குழாய் வாசர், சுவிட்சு, கதவுப் பூட்டு, கண்ணாடி, வெந்நீர்க் கருவி, வடிகால் அடைப்பு ஆகியவை குடியிருப்பவரைச் சேர்ந்தவை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகவும் எழுதிக்கொள்ளலாம். குடியேறும் நாளன்றே மேலாளர் அறைவாரியாகப் புகைப்படம் எடுத்து, இருதரப்பும் கையொப்பமிட்ட பட்டியல் ஒன்றை ஆயத்தம் செய்தால், காலி செய்யும் நாளில் முன்பணம் குறித்த வாக்குவாதம் பெரிதும் குறையும்.

அதிகாரத்திற்கு எல்லை

மேலாளருக்கு எழுத்து வடிவில் அதிகாரம் அளியுங்கள். ஆனால் விற்க, அடமானம் வைக்க, கடன் பெற இடமளிக்கும் பொது அதிகார ஆவணம் இதற்குத் தேவையில்லை. வாடகைப் பணிகளை மட்டும் வரிசையாகக் குறிப்பிட்டு, கால வரம்புடன் கூடிய சிறப்பு அதிகார ஆவணமே போதும். வெளிநாட்டில் எழுதப்படும் அதிகார ஆவணம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் உரிய முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும்.

பழுதுச் செலவுக்கும் ஓர் உச்சவரம்பு வையுங்கள். ரூ.3,000 வரை அவரே செய்யலாம், அதற்கு மேல் கேட்டுச் செய்ய வேண்டும் என்று எழுதிவிட்டால், சிறு கசிவு உடனே நிற்கும். பெரிய செலவு உங்கள் கண்ணில் படாமல் போகாது.

பணம் செல்லும் வழி

வாடகை மேலாளரின் கணக்கு வழியே வருவதைவிட, உங்கள் வங்கிக் கணக்கிற்கு நேராக வருவதே பாதுகாப்பு. அதிலிருந்து அவருக்கான கட்டணத்தை நீங்கள் செலுத்தலாம். அப்போது கணக்கு அறிக்கையே சான்றாகும். வாடகை தாமதமானால் அன்றே தெரியும். முன்பணமும் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும். அது திருப்பித் தர வேண்டிய தொகை என்பதால் தனி வைப்பாக வைத்திருப்பது நலம்.

வெளிநாடு வாழ் இந்தியர்கள் வாடகையை என்.ஆர்.ஓ. கணக்கில் பெறலாம். அவர்களுக்கு வாடகை செலுத்துபவர் வருமான வரியைப் பிடித்தம் செய்து கட்டக் கடமைப்பட்டவர் என்பதைக் குடியிருப்பவர் பலரும் அறிவதில்லை. இதனை முன்னரே எடுத்துச் சொல்லும் பொறுப்பை மேலாளருக்கு அளியுங்கள்.

கட்டணம் கட்டுப்படியாகுமா?

ஆண்டு வாடகை ரூ.3,00,000, மேலாளர் கட்டணம் 6 விழுக்காடு, அதாவது ரூ.18,000 என்று கொள்வோம். வீடு ஒரு மாதம் காலியாக இருந்தால் இழப்பு ரூ.25,000. ஆண்டில் ஒரு மாத வெறுமையை அவர் தவிர்த்தாலே கட்டணத்தை ஈட்டித் தந்துவிடுகிறார்.

வரிக் கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரிமையாளர் செலுத்திய சொத்துவரி ரூ.10,000 போக மீதி ரூ.2,90,000. இதில் 30 விழுக்காடான ரூ.87,000 பொதுக் கழிவாகக் கிடைக்கும். பழுதும் மேலாளர் கட்டணமும் இதற்குள்ளேயே அடங்கும். தனியாகக் கழிக்க இயலாது.

குடியிருப்பவரும் ஒரு குடும்பமே

மேலாளர் உங்கள் பெயரால் செயல்படுகிறார். அவருடைய கடுஞ்சொல்லும் உங்கள் பெயரிலேயே சேரும். மாதிரிச் சட்டப்படி, வீட்டினுள் நுழைய 24 மணி நேரத்திற்கு முன்பே அறிவிக்க வேண்டும். சூரிய உதயத்திற்கு முன்னும் மறைவிற்குப் பின்னும் நுழையலாகாது. வெள்ளம், தீ போன்ற நெருக்கடிகள் மட்டுமே இதற்கு விலக்கு. வாடகை பாக்கியிருப்பினும் குடிநீரையோ மின்சாரத்தையோ நிறுத்த உரிமையாளருக்கும் உரிமையில்லை, மேலாளருக்கும் உரிமையில்லை.

நிறைவாக

மேலாளரை அமர்த்தும் முன் அவர் தற்போது கவனித்து வரும் இரு வீடுகளின் உரிமையாளர்களிடமும், முடிந்தால் அங்குக் குடியிருப்போரிடமும் பேசுங்கள். கட்டணத்தில் சரக்கு மற்றும் சேவை வரி அடங்குமா என்று கேளுங்கள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை புகைப்படத்துடன் அறிக்கையும் செலவுச் சீட்டுகளும் தர வேண்டும் என எழுதிக்கொள்ளுங்கள். அந்த அறிக்கை வந்த அன்றே அதைப் படியுங்கள். வீட்டுச் சாவியை மற்றொருவரிடம் ஒப்படைக்கலாம். வீட்டின் மீதான அக்கறையை ஒப்படைக்க முடியாது.