கோளாறு வாய்லயா, வாத்தியத்துலயா? – இருபது வயசுல சாக்ஸபோன் ஆரம்பிக்கிறவங்களுக்கு

ஏழாவது படிக்கும்போது ஸ்கூல் ப்ரேயர் க்ரூப்ல நான் கடைசி வரிசை. ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் மியூசிக் சார் என் பக்கத்துல வந்து, "நீ வாயை மட்டும் அசைடா, போதும்"னு சொன்னார். சொன்னதை அவர் அன்னைக்கே மறந்திருப்பார். நான் மறக்கல. "எனக்கு மியூசிக் வராது"ங்கிறது என் பயோடேட்டாவுல எழுதாத ஒரு வரியா அப்படியே நின்னுடுச்சு.

மூணாவது வருஷ லீவுல இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்ட் வந்ததும், அந்த வரியை அழிச்சுப் பார்க்கலாம்னு ஒரு ஆசை. ஆன்லைன்ல பேர் தெரியாத பிராண்டுல புத்தம் புது ஆல்ட்டோ சாக்ஸபோன், 16,500 ரூபாய். பெட்டி, பெல்ட், வெள்ளைக் கையுறை, பத்து ரீட் எல்லாம் சேர்த்து. நாலு மாசம் ஊதினேன். மேல இருக்கிற மூணு ஸ்வரம் வரும். கீழ இறங்கினா பன்றி கத்துற மாதிரி ஒரு சத்தம், இல்லன்னா சுருதி திடீர்னு மேல தாவும். வீடியோ பார்த்து உதட்டை மாத்தினேன், மூச்சை மாத்தினேன், கழுத்தை மாத்தினேன். கடைசியில சார் சொன்னதுதான் சரின்னு பெட்டியை மூடி கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன்.

விற்கலாம்னு மதுரையில ஒரு பேண்ட் செட் மாஸ்டர்கிட்ட கொண்டு போனேன். அவர் என்னோடதைத் தொடவே இல்ல. தன்னோட சாக்ஸபோனை எடுத்தார். பாலிஷ் எல்லாம் போய், பித்தளை கறுத்துப் போன பழைய வாத்தியம். மௌத்பீஸைக் கழுவி, புது ரீட் போட்டு, "ஊதுங்க தம்பி"ன்னார். நாலு மாசமா வராத கீழ் 'சி' முதல் மூச்சுலயே வந்துச்சு. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரல. அப்புறம் என்னோடதுக்குள்ள ஒரு சின்ன பல்ப் கட்டின வயரை விட்டு, ரூம் லைட்டை அணைச்சார். மூடி இருக்க வேண்டிய ரெண்டு இடத்துல வெளிச்சம் கசிஞ்சுது.

"உங்க வாய்ல ஒரு கோளாறும் இல்ல தம்பி. காத்து இங்க ஒழுகுது."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். புதுசா கத்துக்கிறவனுக்கு, சத்தம் சரியா வரலன்னா தப்பு தன்னுதா வாத்தியத்துதான்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. எப்பவும் தன் மேலதான் போட்டுக்குவான். லேப்ல சர்க்யூட் வேலை செய்யலன்னா முதல்ல என்ன பண்றோம்? நல்லா இருக்கிற ப்ரோபை வச்சுப் பார்க்கிறோம். மல்டிமீட்டரே பழுதுன்னா எந்த ரீடிங்கையும் நம்ப முடியாது இல்லையா? முதல் வாத்தியம் அந்த மீட்டர் மாதிரி. விலை உயர்ந்ததா இருக்கணும்னு இல்ல, நம்பக்கூடியதா இருக்கணும்.

அது எப்படிச் சத்தம் போடுது?

பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ் 1846ல பிரான்ஸ்ல பேடன்ட் வாங்கின வாத்தியம் இது. உடம்பு பித்தளை, ஆனா மரக்காற்று வாத்தியக் குடும்பத்துல சேர்க்கிறாங்க. காரணம் ரீட். நாணல் வகைத் தண்டைச் சீவிச் செய்த மெல்லிய பட்டை. நாதஸ்வரச் சீவாளியில ரெண்டு பட்டை ஒண்ணோட ஒண்ணு அடிக்கும். இங்க ஒரே பட்டை, மௌத்பீஸோட விளிம்புல அடிக்குது. ஊதும்போது அது ஒரு வால்வ் மாதிரி திறந்து மூடும். 440 ஹெர்ட்ஸ் ஸ்வரம் வந்தா, அந்தப் பட்டை செகண்டுக்கு 440 தடவை அசையுதுன்னு அர்த்தம்.

குழாய் கூம்பு வடிவம். அதனால அதே விரல்களை வச்சு ஆக்டேவ் கீயை அமுக்கினா, சரியா ஒரு ஸ்தாயி மேல போகும். அந்தக் கீ என்ன பண்ணுது? குழாயோட மேல் பகுதியில ஊசி ஓட்டை மாதிரி சின்னதா ஒண்ணைத் திறந்து விடுது. அவ்வளவுதான். காத்துத் தூண் கீழ் ஸ்வரத்தை விட்டுட்டு மேல் ஸ்வரத்துக்குத் தாவிடும்.

இப்போ என் பிரச்சினைக்கு வாங்க. ஒரு பேட் சரியா மூடலன்னா அதுவும் சின்ன ஓட்டைதான். நான் அமுக்காமலே திறந்து கிடக்கிற ஆக்டேவ் கீ! கீழ் ஸ்வரம் ஏன் மேல தாவுச்சுன்னு புரியுதா? கீழ் ஸ்வரத்துக்கு எல்லா ஓட்டையும் மூடி இருக்கணும், அதனால எந்த இடத்துல கசிஞ்சாலும் முதல்ல அடி வாங்குறது கீழ் ஸ்வரம்தான்.

எந்த சைஸ்?

சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாரிடோன்னு நாலு வகை பரவலா கிடைக்குது. ஆரம்பத்துக்கு ஆல்ட்டோ நல்லது. ரெண்டரைக் கிலோ அளவு எடை, கைக்கு அடக்கம், மூச்சும் டெனர் அளவுக்குக் கேட்காது. சொப்ரானோ சின்னதா இருக்கே, சுலபமா இருக்கும்னு நினைக்காதீங்க. உதடு கொஞ்சம் அசைஞ்சாலே சுருதி ஓடிடும்.

கத்ரி கோபால்நாத் கர்நாடக சங்கீதம் வாசிச்சதும் ஆல்ட்டோவுலதான். தட்சிண கன்னடத்துல ஒரு நாதஸ்வரக் கலைஞருக்கு மகனா பிறந்து, மைசூர் அரண்மனை பேண்ட்ல சாக்ஸபோனைக் கேட்டு, அதுக்கு மாறினவர். 1994ல வந்த 'டூயட்' படத்துல பிரபு கையில நீங்க பார்த்த சாக்ஸபோனுக்குப் பின்னால கேட்டது அவரோட மூச்சு. அந்தப் படம் வந்தப்போ நம்ம யாரும் பிறக்கல, ஆனா ஒரு தடவை ஹெட்போன்ல கேளுங்க.

காசை எங்க போடணும்?

வரிசையா சொல்றேன்.

முதல்ல வாத்தியம். யமஹாவோட ஒய்ஏஎஸ் 280 மாதிரி மாணவர் மாடல் புதுசா வாங்கினா லட்சத்தைத் தாண்டும். நம்மால முடியாது. ஆனா அதே தரத்துல, நல்லா பார்த்துக்கிட்ட பழைய வாத்தியம் பாதி விலைக்குக் கிடைக்க வாய்ப்பு இருக்கு. பேர் தெரியாத புதுசை விட பேர் தெரிஞ்ச பழசு மேல். என்னோட முதல் வாத்தியத்தை மாஸ்டர் 2,500 ரூபாய்க்குச் சரி பண்ணிக் கொடுத்தார். கீகளோட உலோகம் ரொம்ப மெத்துன்னு இருந்ததால ஆறே வாரத்துல திரும்ப வளைஞ்சு, திரும்ப ஒழுகுச்சு. விலை குறைஞ்ச எல்லா வாத்தியமும் இப்படித்தான்னு சொல்லல. எது அப்படின்னு புதுசா வர்ற நமக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது, அதுதான் சிக்கல்.

ரெண்டாவது மௌத்பீஸ். மலிவு செட்டோட வர்றதைத் தூரப் போட்டுட்டு யமஹா 4சி மாதிரி ஒண்ணு வாங்குங்க. சில ஆயிரம் ரூபாய்தான். ரீட் நுனிக்கும் மௌத்பீஸ் நுனிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி இதுல சுமார் 1.6 மி.மீ. இடைவெளி கூடக் கூட உதட்டுக்கு வேலை கூடும். ஜாஸ்காரங்க வச்சிருக்கிற உலோக மௌத்பீஸ் பார்க்க கெத்தா இருக்கும், இப்போ வேண்டாம்.

மூணாவது ரீட். கெட்டித்தன்மைக்கு நம்பர் உண்டு. 2ல ஆரம்பிச்சு, சில மாசம் கழிச்சு 2½. ஒரு கம்பெனியோட 2, இன்னொரு கம்பெனியோட 2½ மாதிரி இருக்கலாம், அதனால அடிக்கடி பிராண்ட் மாத்தாதீங்க. ஒரே பெட்டியில கூட எல்லா ரீடும் ஒரே மாதிரி இருக்காது. மூணு ரீடை நம்பர் போட்டு மாத்தி மாத்தி வாசிங்க. ஒரு நாள் மோசமா வந்தா முதல்ல ரீடை மாத்திப் பாருங்க, அப்புறம் உங்களைத் திட்டிக்கோங்க.

அதுக்கப்புறம் நல்ல கழுத்துப் பட்டை, உள்ளே துடைக்கிற துணி, கார்க் க்ரீஸ். ட்யூனரும் மெட்ரோனோமும் போன்லயே இலவசமா இருக்கு. வெள்ளைக் கையுறை எதுக்குன்னு எனக்கு இன்னும் தெரியல.

பழசு வாங்கும்போது பத்து நிமிஷம்

முடிஞ்சா வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. சர்ச் குழுவுலயோ பேண்ட் செட்லயோ கட்டாயம் யாராவது இருப்பாங்க. அவரை மேலே இருந்து கீழ் 'பி ஃப்ளாட்' வரைக்கும் மெதுவா இறங்கச் சொல்லுங்க. விரலை அழுத்திப் பிடிச்சாத்தான் கீழ் ஸ்வரம் வருதுன்னா கசிவு இருக்கு.

நீங்களே பார்க்கக் கூடியது: இருட்டு ரூம்ல உள்ளே மெல்லிய எல்இடி ஸ்ட்ரிப் விட்டு ஒவ்வொரு கீயா மெதுவா மூடுங்க, வெளிச்சம் கசியக் கூடாது. கழுத்துக் குழாயோட ஒரு முனையை உள்ளங்கையால மூடி மறு முனையில ஊதுங்க, காத்து ஒழுகக் கூடாது. கீகளைப் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, லொடலொடன்னு ஆடக் கூடாது. கழுத்து கீழ் நோக்கி வளைஞ்சிருக்கான்னு பக்கத்துல இருந்து பாருங்க. பாலிஷ் போயிருந்தா கவலையே படாதீங்க.

முதல் மாசம்

மேல் பல் மௌத்பீஸ் மேல. கீழ் உதடு, கீழ்ப் பல்லுக்கு மேல மெத்தை மாதிரி. கன்னம் உப்பக் கூடாது. இப்போ நமக்குப் பிடிச்ச ஒண்ணு: அளவெடுத்துப் பார்க்கிற டெஸ்ட். ஆல்ட்டோ மௌத்பீஸை மட்டும் ஊதினா, ட்யூனர்ல 880 ஹெர்ட்ஸ் பக்கத்துல, அதாவது 'ஏ' காட்டணும். கழுத்துக் குழாயோட சேர்த்து ஊதினா 415 பக்கத்துல, 'ஏ ஃப்ளாட்'. அதுக்கு மேல போனா கடிக்கிறீங்க, கீழ போனா தளர விட்டிருக்கீங்க. இந்த டெஸ்ட்டுக்கு ஒரு கீ கூட தேவையில்ல பாருங்க. அதாவது இது உங்க வாயை மட்டும் தனியா சோதிக்குது. இங்க சரியா வந்து, முழு வாத்தியத்துல எப்பவும் அதே இடத்துல சொதப்பினா, சந்தேகத்தை வாத்தியத்துப் பக்கம் திருப்பலாம். எனக்கு இது முதல் வாரமே தெரிஞ்சிருந்தா நாலு மாசம் மிச்சம்.

அடுத்து இடது கை மூணு விரல்: 'பி', 'ஏ', 'ஜி'. ஒவ்வொண்ணையும் பத்து செகண்ட் நீட்டிப் பிடிங்க, ட்யூனர் முள் ஆடாம. தினம் இருபது நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை மூணு மணி நேரம் ஊதினா உதடுதான் கிழியும்.

ஒரு குழப்பம் வரும், முன்னாடியே சொல்லிடறேன். ஆல்ட்டோவுல நீங்க 'சி' வாசிச்சா ட்யூனர் 'ஈ ஃப்ளாட்'னு காட்டும். வாத்தியம் பழுதில்ல, அதோட அமைப்பே அப்படி. நம்ம கணக்குல சொன்னா 2½ கட்டை. சுருதிப்பெட்டி ஆப்ல 2½ வச்சுட்டு 'சி'யில இருந்து வரிசையா ஏறிப் பாருங்க, சங்கராபரண ஆரோகணம் வரும். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராது.

ஹாஸ்டல்ல எங்க ஊதுறது?

வாயில டவலைத் திணிச்சா சத்தம் குறையும்னு நானும் நம்பினேன். குறையாது. பெரும்பாலான ஸ்வரங்களோட சத்தம் திறந்திருக்கிற பக்கத்து ஓட்டைகள் வழியாத்தான் வெளிய வருது. கீழே இருக்கிற பெல் வழியா இல்ல. துணி நிறைஞ்ச அலமாரியைத் திறந்து வச்சு அதைப் பார்த்து ஊதினா கொஞ்சம் பரவாயில்ல. இல்லன்னா சாயங்காலம் கிரவுண்டு. ஊதுறதுக்கு முன்னாடி வாயைக் கொப்பளிங்க, முடிஞ்சதும் ரீடைக் கழட்டுங்க, உள்ளே துடைங்க. மெஸ் சாம்பார் பேடுக்கு ஆகாது.

கடைசியா

என்னோட பழைய வாத்தியம் இப்போ அலங்காரப் பொருள். போன செமஸ்டர்ல நாங்க மூணு பேர் சேர்ந்து, மாஸ்டரைக் கூட்டிட்டுப் போய், ஒரு பழைய மாணவர் மாடல் வாங்கினோம். 51,000 ரூபாய், ஆளுக்கு 17,000. நான் தனியா ஏமாந்ததை விட ஐநூறு ரூபாய்தான் அதிகம். வாத்தியம் ஒண்ணு, மௌத்பீஸும் ரீடும் அவங்கவங்களோடது.

நான் ஒண்ணும் பெரிய வித்வான் ஆகிடல. வேகம் கூடினா இன்னும் விரல் தடுமாறுது. ஆனா அது என் தப்புன்னு எனக்கு இப்போ உறுதியாத் தெரியும். தன் தப்புன்னு உறுதியாத் தெரிஞ்ச தப்பைத் திருத்திக்கலாம். ஏழாவது படிச்ச பையன்கிட்ட இதை யாராவது சொல்லியிருக்கலாம். வாயை மூடுன்னு சொல்றதுக்கு முன்னாடி, கசிவு எங்கன்னு ஒரு லைட் அடிச்சுப் பார்த்திருக்கலாம்.

"எனக்கு வராது"ன்னு நினைக்கிறவங்க ஏப்ரல் வரைக்கும் எந்தச் சாயங்காலமும் மியூசிக் க்ளப் ரூமுக்கு வாங்க. எங்க வாத்தியத்தை ஊதிப் பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. மௌத்பீஸைக் கழுவித் தர்றேன். ரீட் மட்டும் சொந்தமா கொண்டு வாங்க.